பிறகு என்று அழுத்திய இரண்டு வருடம்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம், அங்கே நீ நலமா என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அதில் முதல் பாதியை எழுதக் கை வரவில்லை. நீயாவது காய்ச்சல், இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி எழுந்து வேலைக்குப் போய் வருகிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நீ "என்னப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு" என்று கேட்ட உடனே "ஒண்ணுமில்லம்மா, சளி" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தான் செய்தேன். எனக்குச் சளி ஒன்றும் இல்லை. உன்னோடு வேலை பார்க்கும் பெண் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கிளம்புகிறாளாம், கடிதம் இருந்தால் கொடுங்கள் என்று காலையில் வந்து கேட்டுவிட்டுப் போனாள், அதுதான் சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிட்டேன். அம்மா கைகால் பயிற்சி முடித்துக் களைத்துப்போய் உள்ளே படுத்திருக்கிறாள். விஷயத்துக்கு வருகிறேன். அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். இன்றோடு பதினொரு நாள் ஆகிறது.

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே, முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். நாற்பது தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்து வேலை வாங்கிய கட்டிங் மாஸ்டர் உன் அம்மா. வீட்டில் நம் இரண்டு பேரையும் ஒரு வாக்கியத்தை முழுதாக முடிக்க விட்டதில்லை. அவளுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கையும் பேச்சும் ஒரே காலையில் போனபோது, நீதான் ஓடியாடி விசாரித்து அந்தச் சின்ன டேப்லெட்டை வாங்கி வந்தாய். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது அதுதான் என்றாலும் அன்றைக்கு நமக்கு அதுவே பெரிய விஷயம். அதில் பேசும் பலகை என்ற ஆப்பைப் போட்டு, முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டங்களில் படம் வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் உன் குரலையே பதிவு செய்தாய். அம்மா இடது கை விரலால் படத்தைத் தொட்டால் உன் குரல் பேசும். கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளும் துணி அலமாரிக்குள் தலையை விட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, "தண்ணி வேணும்", "கால் மரத்துப்போச்சு", "ஜன்னலத் தொறங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். "பசிக்குது" என்று சொல்லும்போது யாரோ வாசல் மணியை அடித்துவிட்டார்கள், நீ அதைத் திருத்தாமலே போய்விட்டாய். முதல் ஒரு மாதம் அம்மாவுக்குப் பசித்தபோதெல்லாம் நான் போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். அம்மா கோணிய வாயோடு சிரிப்பாள். போகும்போது டேப்லெட்டின் முதுகில் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டினாய். "அப்பா, எதையும் நோண்டாதீங்க. அது என்ன கேட்டாலும் 'பிறகு' அழுத்துங்க. லீவுல வந்து நானே பாத்துக்கறேன்" என்று அதில் எழுதியிருந்தாய். கொட்டை எழுத்தில் எழுதி மேலே கண்ணாடி டேப் வேறு ஒட்டியிருந்தாய்.

நீ சொன்னால் அதற்கு மறுபேச்சு உண்டா. வாரத்துக்கு ஒரு தரம் திரையில் ஒரு வெள்ளைப் பெட்டி எழுந்து வரும். மென்பொருள் புதுப்பிப்பு தயார், இப்போதா, பிறகா என்று கேட்கும். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சீட்டை ஒரு தரம் படித்துப் பார்த்து, 'பிறகு' அழுத்துவேன். கரண்ட் போய் வந்தாலும் சரி, அம்மாவின் ஆஸ்பத்திரி நாளானாலும் சரி, அதில் மட்டும் நான் தவறியதே இல்லை. முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். சர்வீஸ் தேதியைத் தள்ளிப்போடும் அடுக்குமாடிச் செயலாளர்களிடம், "கயிறு உங்க சௌகரியத்துக்குக் காத்துக்கிட்டு இருக்காது சார்" என்று சண்டை போட்டவன். அதே ஆள் வீட்டில் இரண்டு வருடமாக ஒரு இயந்திரத்துக்குச் சர்வீஸே செய்யாமல் வைத்திருக்கிறோமே என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மெதுவானது. முதலில் தொட்ட உடனே பேசியது. பிறகு ஒரு மூச்சு விடும் நேரம் ஆனது. போன கோடையில் நான் எண்ணிப் பார்க்க ஆரம்பித்தேன், ஒரு வார்த்தைக்கு எட்டு நொடி. சென்ற மாதம் இருபத்திரண்டு நொடி. நம் லிஃப்ட் தரையிலிருந்து நான்காவது மாடிக்கு வர அவ்வளவு நேரம்தான் எடுக்கும். அம்மாவுக்கு ஏது பொறுமை, குரல் வரவில்லை என்றால் திரும்பத் திரும்ப அழுத்துவாள். லிஃப்டில் பொத்தானை நூறு தரம் அழுத்தினாலும் அது ஒரு தரம்தான் வரும். இந்தச் சனியன் அப்படி இல்லை, அழுத்தியதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, கேட்டவள் தண்ணீர் குடித்து முடித்த பிறகு "தண்ணி வேணும், தண்ணி வேணும்" என்று ஏழு தரம் சொல்லும். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் உன் முகம் பாதியில் அசையாமல் நின்றுபோனதும் இதனால்தான். நீ உன் பக்கத்து நெட் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாய், நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பதினொரு நாளைக்கு முன்னால், காலை பத்து மணி இருக்கும். லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே எதிர்வீட்டு நர்ஸ் மாட்டிக்கொண்டாள் என்று சத்தம் கேட்டது. அம்மாவைச் சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் உட்காரவைத்து, டேப்லெட்டை மடியில் வைத்துவிட்டு, என் பழைய லிஃப்ட் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஐந்து நிமிடத்தில் நர்ஸை வெளியே கொண்டுவந்துவிட்டேன். உடனே மேலே ஏறி வந்திருக்கலாம். நாலு பேர் சுற்றி நின்று "இன்னும் கை மறக்கலையே சார்" என்று சொன்னார்கள், எனக்கு அது இனித்தது. நின்று பேசினேன். மோட்டார், பிரேக், கதவுத் தொடுப்பு என்று விலாவாரியாக விளக்கினேன். இருபது நிமிடம் கழித்து மேலே வந்தால், அம்மாவின் வலது கால் நாற்காலி மிதியிலிருந்து நழுவி, முன் சக்கரத்துக்கும் கட்டில் காலுக்கும் நடுவில் திருகிக்கொண்டு கிடக்கிறது. இவள் நகர நகர நாற்காலியும் நகர்ந்து இன்னும் இறுக்கியிருக்கிறது. முகமெல்லாம் வேர்வை, உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், விரல் மட்டும் டேப்லெட்டைக் குத்திக்கொண்டே இருக்கிறது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஒரு சத்தம் இல்லை. நான் பாய்ந்து போய்க் காலை எடுத்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தேன். தேய்த்துவிட்டேன். எல்லாம் ஆகி, அவள் மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு அந்த டேப்லெட் வாயைத் திறந்தது. "வலிக்குது" என்றது. உன் குரல், சிட்டு. "வலிக்குது, வலிக்குது, வலிக்குது" என்று நிறுத்தாமல் சொன்னது. பதினான்கு தரம் எண்ணினேன். எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை, தலையணையை எடுத்து அதன்மேல் அமுக்கினேன், தலையணைக்கு அடியிலிருந்தும் கேட்டது. அம்மா இடது கையால் அதைத் தள்ளிவிட்டாள், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கால் எலும்புக்கு ஒன்றுமில்லை, வீக்கம்தான், நர்ஸ் பார்த்துக் கட்டுப் போட்டாள், அதுவும் வற்றிவிட்டது. அதற்குப் பிறகு அம்மா அந்தப் பலகையைத் தொடவே இல்லை.

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் போன், டேப்லெட் பழுது பார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. நடத்துவது ஒரு பெண், நாற்பத்தைந்து வயது இருக்கும், நெற்றியில் எந்நேரமும் பெரிய லென்ஸ் மாட்டியிருப்பாள், அதனால் நான் லென்ஸம்மா என்றுதான் சொல்வேன். அவளிடம் கொண்டுபோனேன். டேப்லெட்டைத் திருப்பி உன் சீட்டைப் படித்தாள், என்னைப் பார்த்தாள். "ரெண்டு வருஷமா சர்வீஸே விடாம வண்டி ஓடலன்னு வண்டியத் திட்டினா எப்படி சார்" என்றாள். கூடவே, உள்ளே இடமே இல்லை, ஆணி அடிக்கக்கூட இடமில்லை, இதில் அப்டேட் எங்கே போய் உட்காரும், முதலில் அடைப்பை எடுக்க வேண்டும் என்றாள். என்ன அடைப்பு என்று திறந்து காட்டினாள் பார், எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நம் பழைய கம்பெனி ஆட்களின் குழு ஒன்றை இதில் போட்டுக்கொடுத்தாய் அல்லவா, அதில் தினமும் காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் ரோஜாப்பூ படத்தோடு இனிய காலை வணக்கம் அனுப்புவார்கள், நானும் மரியாதைக்கு ஒரு ரோஜா திருப்பி அனுப்புவேன். அத்தனையும் உள்ளேயே தங்கியிருக்கிறது. ஒன்பதாயிரத்துச் சொச்சம் பூ. ஒரு தோட்டத்தையே உன் அம்மாவின் தொண்டையில் அடைத்து வைத்திருக்கிறேன். நானே உட்கார்ந்து அத்தனையையும் அழித்தேன். யாரும் விளையாடாத விளையாட்டுகள், யாரும் பார்க்காத வானிலை, என்றைக்கோ நான் தெரியாமல் தொட்டு வந்து ஒட்டிக்கொண்ட ஆப்புகள் என்று பதினான்கை லென்ஸம்மா பிடுங்கி எறிந்தாள். பின்னால் ஒளிந்துகொண்டு தானாக ஓடிக்கொண்டிருந்த வேலைகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தினாள்.

அதன் பிறகுதான் அப்டேட். ஒன்று இல்லை, மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் போட முடியும், தாண்டிப் போக முடியாது என்றாள். ஒவ்வொன்றுக்கும் அணைந்து எரியும். இரண்டாவது, நூற்றுக்கு நாற்பத்து மூன்றில் போய் அரை மணி நேரம் நின்றது. "நடுவுல கை வெச்சா மொத்தமும் போயிடும், தொடாதீங்க" என்றாள். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மதியம் ஆனது, சாயங்காலம் ஆனது. வீட்டில் அம்மாவோடு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பேசும் பலகைக்கும் புதுப் பதிப்பைப் போட்டாள், பழையது இந்தப் புது அமைப்பில் திறக்கவே இல்லை. திரை எழுந்தது. தொட்டால் அந்த நொடியே பேசுகிறது. வேகத்தில் ஒரு குறை சொல்ல முடியாது, புதிதாக வாங்கியபோதுகூட அப்படி இருந்ததில்லை. ஆனால் பேசியது நீ இல்லை. யாரோ ஒரு பெண், விமான நிலையத்தில் அறிவிப்புச் சொல்வது போல, "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்றாள். அடுத்த கட்டத்தைத் தொட்டேன், "எனது கால் மரத்துவிட்டது" என்றாள். முந்நூற்றுப் பன்னிரண்டையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்றில்கூட நீ இல்லை, வாசல் மணியும் இல்லை. பழைய பதிவுகளைப் புதுப் பதிப்பு எடுத்துக்கொள்ளவில்லையாம். லென்ஸம்மா கடையைச் சாத்திவிட்டு ஒன்றரை மணி நேரம் தேடினாள், பிறகு லென்ஸைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "மன்னிச்சிடுங்க சார், எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பண்ணிட்டேன்" என்றாள். அவள்மேல் குற்றமில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவின் மடியில் வைத்தேன், பாரு எவ்வளவு வேகம் என்று ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினேன். அந்தப் பெண் பேசியதைக் கேட்டு அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பெற்ற பிள்ளையை எங்கேயோ தொலைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவனைப் பார்க்கிற பார்வை அது. டேப்லெட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். இது நடந்து ஆறு நாள் ஆகிறது.

பேச்சுப் பயிற்சி டீச்சர் நேற்று வந்தாள். அம்மா தன் வாயால் நாலு வார்த்தை சொல்லத் தொடங்கியிருந்தது உனக்குத் தெரியும், ஆமா, இல்ல, வா, போ. அந்தப் 'போ'வை என்னிடம் எத்தனை தரம் சொன்னாள் என்று உனக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நேற்று டீச்சர் எவ்வளவோ கெஞ்சியும் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "பலகைல பேசுற பழக்கம் இருந்தாத்தான் சார் வாய்க்கும் பேசணும்னு ஆசை வரும். இது நின்னா அதுவும் நின்னுடும். இன்னும் ரெண்டு மூணு வாரம் இப்படியே போச்சுன்னா வந்தது திரும்பிப் போயிடும், அப்புறம் என்னால கொண்டுவர முடியாது" என்றாள். சிட்டு, எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அதனால்தான் உன் கையைப் பிடித்துக் கேட்பதாக நினைத்துக்கொள். அந்தக் குரல்களை முதலில் உன் லேப்டாப்பில் பதிவு செய்து பிறகு இதில் ஏற்றினாயா, நேராக இதிலேயே பேசினாயா? லேப்டாப்பில் இருந்தால் தேடு, பழையதைத் தூக்கிப் போட்டிருந்தாலும் யாரிடம் கொடுத்தாய் என்று விசாரி. இல்லவே இல்லை என்றால் மறுபடியும் சொல்லி அனுப்பு. இப்போது போனில் பதிவு செய்து அனுப்பினால் போதும், புதுப் பதிப்பில் தானே ஏற்றிவிடுவதாக லென்ஸம்மா சொல்கிறாள். முந்நூற்றுப் பன்னிரண்டு வார்த்தைகளையும் வரிசையாகத் தனித் தாளில் எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். தினம் இருபது சொன்னாலும் போதும், வலிக்குது என்பதைக் கடைசியில் சொன்னாலும் பரவாயில்லை.

இனி எழுதுவதை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருக்கிறேன். மேலே லென்ஸம்மாவைப் பற்றி எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன். நான் அவளிடம் போனது முதல் தடவை இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் சார்ஜ் ஏறவில்லை என்று கொண்டுபோயிருந்தேன். அப்போதே அவள் சொன்னாள், அப்டேட் நிறைய நிலுவையில் கிடக்கிறது, போட்டால் நன்றாக ஓடும், ஆனால் பலகையின் பழைய பதிப்பில் இருக்கும் குரல் தங்கும் என்று உறுதி சொல்ல முடியாது, வெளியே நகல் எடுத்து வைக்கவும் அது விடாது என்று. நான் வேண்டாம் என்று சொல்லி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அப்போதே உன்னை மறுபடியும் போனில் பேசவைத்துப் பதிவு வாங்கி வைத்திருக்கலாம், அதுவும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு நான் 'பிறகு' அழுத்தியதெல்லாம் உன் சீட்டுக்குக் கட்டுப்பட்டு இல்லை. அந்தப் பலகையில் முதல் வரிசையில் மூன்றாவது கட்டம், "அப்பா, கொஞ்சம் இங்க வாங்களேன்". அம்மா என்னைக் கூப்பிடுவது அதில்தான். ஒரு நாளைக்கு இருபது தரம், முப்பது தரம் நீ என்னை அப்பா என்று கூப்பிட்டாய், சிட்டு. அடுக்களையில் நின்றாலும் குளியலறையில் நின்றாலும் கூப்பிட்டாய். அதைக் கேட்டுக்கொண்டு இந்த வீட்டில் இரண்டு பேர் மட்டும்தான் இருக்கிறோம் என்பதை நான் மறந்திருந்தேன். மதியம் அம்மா தூங்கும்போது சத்தத்தைக் குறைத்து வைத்து நானே அந்தக் கட்டத்தைத் தொட்டிருக்கிறேன், எழுத வெட்கமாக இருக்கிறது, தினமும் தொட்டிருக்கிறேன். எட்டு நொடி இருபத்திரண்டு நொடியானது என் கண் முன்னால்தான். எனக்கு உன் குரல் வேண்டும் என்பதற்காக வாயில்லாத ஒருத்தியைக் காத்திருக்க வைத்தேன். அவள் கால் திருகிக்கொண்டு கிடந்த அந்த இருபது நிமிடத்துக்கு இயந்திரம் காரணம் இல்லை, நான்தான் காரணம். இந்தத் தடவை லென்ஸம்மா மறுபடியும் எச்சரித்தும், அம்மாவுக்கு வாய் வேண்டுமே என்று நான்தான் போடச் சொன்னேன், கடைசியில் உன் குரலையும் காப்பாற்றவில்லை. இதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, உன்னிடமாவது சொல்லிவிட்டேன்.

இதுவரை எழுதிய இடத்தில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அம்மா விழித்துவிட்டாள். நாற்காலியில் தூக்கி உட்காரவைத்து மேஜைக்குக் கொண்டுவந்தேன். தாள்களைப் பார்த்ததும் இடது கையை நீட்டினாள். உனக்கு எழுதும் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டாமல் நான் ஒட்டியதில்லை. படித்தேன். லென்ஸம்மா, ரோஜாப்பூ, டீச்சர் எல்லாம் படித்தேன், கடைசிப் பத்தியை விட்டுவிட்டு உடம்பைப் பார்த்துக்கொள் என்று வாயில் வந்ததைச் சொல்லி முடித்தேன். துணியில் கால் அங்குலம் குறைந்தாலே கண்டுபிடிப்பவளிடம் ஒரு பக்கத்தை மறைக்க முடியுமா. மேஜையைத் தட்டினாள். அந்தப் பக்கத்தில் விரலை வைத்தாள், எடுக்கவே இல்லை. படித்தேன், சிட்டு. ஒரு வார்த்தை விடாமல் படித்து முடித்தேன். பிறகு கவிழ்ந்து கிடந்த டேப்லெட்டைத் தானே இழுத்துத் திருப்பினாள். பதினொரு நாளில் முதல் தடவை. விரலை வைத்த உடனே அந்தப் பெண் பேசினாள். "எனக்குத் தெரியும்" என்றாள். அடுத்து "நானும்" என்றாள். எனக்குப் புரியவில்லை. அம்மா என் ஆள்காட்டி விரலைப் பிடித்து முதல் வரிசை மூன்றாவது கட்டத்தின் மேல் வைத்து, பிறகு அதே விரலைத் தன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். எத்தனையோ தரம் அவள் கூப்பிட்டு நான் ஓடிப்போய் நின்றால், ஒன்றும் கேட்காமல் சும்மா என் முகத்தைப் பார்ப்பாள். "எதுக்குக் கூப்பிட்ட, அடுப்புல வெச்சிட்டு வந்திருக்கேன்" என்று நான் எரிந்து விழுந்திருக்கிறேன். அவள் கூப்பிட்டது என்னை இல்லை. அவளும் உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஆளுக்கொரு பக்கம் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒரே கட்டத்தை அழுத்திக்கொண்டு இருந்திருக்கிறோம். நான் மேஜையில் தலையை வைத்து அழுதேன். அவள் என் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் கையை எடுத்துவிட்டு நிதானமாக மூன்று கட்டங்களைத் தொட்டாள். இந்தப் புதுப் பதிப்பு வார்த்தைகளைத் தானே சேர்த்து முழு வாக்கியமாக்கிச் சொல்லுமாம். உன் அம்மா வாழ்நாளில் பேசாத சுத்தத் தமிழில் அந்தப் பெண், "மகள் எப்போது வருவாள்?" என்று கேட்டாள். கேட்டது கண் இமைப்பதற்குள் வந்துவிட்டது. பழைய டேப்லெட்டாக இருந்தால் பதில் யோசிக்க எனக்குக் கொஞ்ச நேரமாவது கிடைத்திருக்கும். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் இதை எழுதப் பேனாவை எடுத்தேன். நீ ஒவ்வொரு தடவையும் "லீவு கேக்கட்டுமாப்பா" என்று கேட்டாய், நான் ஒவ்வொரு தடவையும் இப்போதைக்கு வேண்டாம், வேலையைப் பார், நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம் என்றேன். அது பொய், கண்ணு. நாங்கள் சமாளிக்கவில்லை. உன் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்ற வீறாப்பில் சொன்னது. எனக்கு இப்போது வீறாப்பு எதுவும் மிச்சம் இல்லை. குரலை அனுப்பு, கண்டிப்பாக அனுப்பு, அதோடு நீயும் புறப்பட்டு வா. பத்து நாள் ஆனாலும் சரி, நாலு நாள் ஆனாலும் சரி. வர முடியாது என்றால் அதையும் உள்ளது உள்ளபடி எழுது, அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், ஏதோ ஒரு பதில் எனக்கு வேண்டும்.

வெயிலில் அலையாதே, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. வார்த்தைப் பட்டியல் உறைக்குள் நாலாக மடித்திருக்கிறது, பிரிக்கும்போது கிழித்துவிடாதே, பின்பக்கமும் எழுதியிருக்கிறேன். கொண்டுவரும் பெண்ணுக்கு நன்றி சொல். உன் போனிலும் ஏதாவது புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டால் அன்றைக்கே செய்துவிடு. நோய் நொடி இல்லாமல், போன இடத்தில் நல்ல பெயரோடு, நீ நினைத்தது எல்லாம் கைகூடி நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு, உன்னைப் பார்க்கும் நாளுக்காகக் காத்திருக்கும்
அப்பா, அம்மா

உறையை ஒட்டப் பசையை எடுத்து வருவதற்குள் அம்மா அதையே இன்னும் இரண்டு தரம் கேட்டுவிட்டாள்.